அப்பம் சுடுகிறவள் நன்மை வாங்கவில்லை

பிப்ரவரி 18, விபூதிப் புதன்

சிஸ்டர் லெயோனி புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி இது. கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியும், மகள் ஆக்சிலியாவுக்குப் பல் விழுந்த நாளும்தான் இதுவரை இதில் இருக்கின்றன. இன்று முதல் வேறு விஷயம் எழுதப்போகிறேன். யாரிடமும் சொல்ல முடியாததை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமே.

காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டேன். நன்மை வாங்கவில்லை. சாமி கொடுக்கும் நற்கருணை அப்பத்தை வாங்க எல்லாரும் எழுந்து வரிசையில் போனார்கள். நான் முழங்காலில் இருந்தபடி செபப்புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பெஞ்சு ரெக்ஸலின் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். எங்கள் ஊரில் பூசைக்கே வராதவளை மறந்துவிடுவார்கள். வந்துவிட்டு நன்மை வாங்காமல் உட்கார்ந்திருப்பவளை மறக்கமாட்டார்கள். அதிலும் நான் யார்? கன்னியர் மடத்தில் அப்பம் சுடுகிறவள். இந்த ஊர்க் கோயிலிலும் சுற்றியுள்ள கோயில்களிலும் சாமிமார் கையில் எடுத்து உயர்த்துவது என் இரும்பு அச்சில் வெந்த அப்பத்தைத்தான்.

நடந்தது இது. போன வாரம் கோயிலில் தியானக் கூட்டம். வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்திருந்தார். அவர் தலையில் கைவைத்துச் செபித்ததும் என் வீட்டுக்காரரின் அக்கா பிரகாசி மைனி தொப்பென்று விழுந்து உருண்டாள். புரியாத பாஷையில் என்னென்னவோ கத்தினாள். என் மீன்குழம்பை ஊர் முழுக்கக் குறை சொல்லித் திரிகிறவள் அவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பக்கத்திலிருந்த பெண்களிடம், இது பரிசுத்த ஆவியும் இல்லை ஒன்றும் இல்லை, பேய்தான் பிடித்திருக்கிறது என்றேன். எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் பிரசங்கியார் அந்த வசனத்தை எடுத்தார். ஆண்டவர் செய்ததைப் பேயின் வேலை என்று சொன்னவர்களுக்கு அவர் கொடுத்த பதில். மற்ற எந்தப் பாவத்துக்கும் மன்னிப்பு உண்டு. ஆவியானவரைப் பழித்தவருக்கு மட்டும் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. முந்தின நாள் நான் சொன்னதும் அதுதானே, அந்தப் பாவத்தோடு எப்படி நன்மை வாங்குவேன்?

இன்று ஒருசந்தி நோன்பு. கஞ்சி வைத்தேன். இறங்கவில்லை.

பிப்ரவரி 21, சனி

மாலையில் கோயிலில் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். எங்கள் பங்குச் சாமி கஸ்பாருக்குக் கடைவாய்ப் பல் வலி. கன்னம் வீங்கி, பாதி வார்த்தை வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

“மைனிய நாலு பேரு முன்னால கேலி பேசுன. அது பாவம். அதுக்கு மன்னிப்பு உண்டு. ஆவியானவர வேணும்னு எதுத்து நின்னியா? இல்ல. எரிச்சல்ல வாய விட்ட. எனக்கு மன்னிப்பே வேண்டாம்னு சாவுற வரைக்கும் கதவச் சாத்திக்கிட்டு இருக்கான் பாரு, அவனுக்குச் சொன்ன வசனம் அது. பயந்துபோய் இங்க வந்து முழங்கால்ல நிக்கவளுக்கு இல்ல.”

பாவத்துக்கு அபராதம், செபமாலையில் பத்து மணி. அதோடு மைனிக்கு மீன்குழம்பு வைத்துக் கொண்டுபோய்க் கொடு என்றார். செபமாலை சொல்லிவிட்டேன். குழம்புக்கு மனம் வரவில்லை.

படியிறங்கும்போது உடம்பு லேசாக இருந்தது. செருப்பை மாட்டும்போதே சந்தேகம் வந்துவிட்டது. பல் வலியில் அவருக்கு நான் சொன்னது சரியாகக் காதில் விழுந்திருக்குமா? சிரித்ததையும் சொன்னேனா?

பிப்ரவரி 22, ஞாயிறு

நன்மை வாங்கவில்லை.

கோயிலில், முதல்முறை நன்மை வாங்கப்போகும் புதுநன்மைப் பிள்ளைகளின் பெயர் வாசித்தார்கள். ஏப்ரல் 12. ஆக்சிலியா பெயர் வந்ததும் என் கையைப் பிடித்து அமுக்கினாள். எங்கள் ஊர் வழக்கப்படி அன்று பிள்ளைக்கு ஒரு பக்கம் அப்பாவும் ஒரு பக்கம் அம்மாவும் பீடத்துக்கு முன் நிற்க வேண்டும். பிள்ளை வாங்கியதும் அப்பாவும் அம்மாவும் வாங்க வேண்டும். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்.

“எம்மா, நீயும் எங்கூட வாங்குவல்லா?” என்று கேட்டாள்.

“வாங்காம?” என்றேன்.

பிப்ரவரி 25, புதன்

இப்போது வேறொன்று ஆரம்பித்திருக்கிறது. சாமி அப்பத்தை உயர்த்தும்போது என் மனதில் ஒரு கெட்ட வார்த்தை வருகிறது. மீன் ஏலத்தில்கூட யாரும் சொல்லக் கூசுகிற வார்த்தை. அது ஆவியானவரைப் பார்த்து வருகிறது. நான் அழைக்கவில்லை. வராதே, வராதே என்று பல்லைக் கடித்தால் இன்னும் சத்தமாக வருகிறது.

அப்பம் சுடும்போதும் வந்துவிட்டது. மாவை ஊற்றி, இரும்பை அழுத்தித் திறந்தேன். வெந்த அப்பத் தகட்டில் சிலுவை அழகாகப் பதிந்திருந்தது. அந்த நேரம் பார்த்து வந்தது. அந்தத் தகட்டை, ஓரங்களைப் போட்டுவைக்கிற சாக்குப்பையில் போட்டேன். வட்டமாக வெட்டியபின் மிஞ்சும் ஓரங்களைச் சாக்கில் சேர்த்து வைப்போம். பிள்ளைகள் வந்து கேட்டால் கொடுப்போம், மீதி ஆட்டுக்காரருக்கு. முழுத் தகட்டை அதில் போட்டது இதுவே முதல் தடவை.

பிப்ரவரி 28, சனி

ஆக்சிலியாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி அடுத்த பங்குக் கோயிலுக்குப் போனேன். வீட்டில் துணி எடுக்கப் போவதாகச் சொன்னேன். பிள்ளைக்குக் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்துப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அங்குள்ள வயதான சாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்று விடாமல். அழுகையில் குரல் உயர்ந்துவிட்டது. அவர் “சரிம்மா, சரிம்மா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குப் பின்னால் வரிசை நீளம். கைக்கடிகாரத்தை இரண்டு முறை பார்த்ததை நான் பார்த்தேன். அவசரத்தில் கொடுத்த மன்னிப்பு செல்லுமா?

திரும்பும்போது துணி எடுக்க மறந்துபோனது. “கடை பூட்டியிருந்துச்சுன்னு அப்பாட்ட சொல்லவா?” என்று ஆக்சிலியாவே கேட்டாள். கெட்டிக்காரி.

மார்ச் 3

கை எரிகிறது. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை போல.

மார்ச் 6, முதல் வெள்ளி

ஆக்சிலியாவின் பக்தி எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. சாப்பிடும் முன் சிலுவை போட்டாள். சரியாகப் போடவில்லை என்று மறுபடி போட்டாள். பிறகு இன்னொரு தடவை. சோறு ஆறிப்போனது. “எச்சில முழுங்குனா பாவமாம்மா?” என்று கேட்கிறாள். என் வாய் அவளுக்கு வரவில்லை. அந்த மட்டும் நல்லது.

சாயங்காலம் மின்சாரம் போய்விட்டது. இருட்டென்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. நெஞ்சை அடைக்கும். அவள்தான் மெழுகுதிரியைத் தேடிக் கொளுத்தி, மின்சாரம் வரும்வரை என் மடியில் கைவைத்துக்கொண்டு இருந்தாள். இந்த வீட்டில் யார் அம்மா, யார் பிள்ளை என்று இவர் சிரித்தார்.

மார்ச் 10, செவ்வாய்

சாமியார் பங்களாவுக்கே போய் கஸ்பார் சாமியிடம் பாவசங்கீர்த்தனம் கேட்டேன். இந்த மாதத்தில் எத்தனையாவது தடவை என்று எழுத வெட்கமாக இருக்கிறது. சாமி பல்லைப் பிடுங்கிவிட்டார். பேச்சு நன்றாகவே புரிந்தது.

“பஸ் ஏறி அடுத்த பங்குக்கும் போனியாமே?”

யார் சொன்னார்களோ. தலையைக் குனிந்துகொண்டேன்.

“அந்த வார்த்தைய நீ கூப்பிட்டியா?”

“இல்ல சாமி. அதுவா வருது.”

“வந்தப்ப சந்தோசப்பட்டியா?”

“ஐயோ சாமி, செத்துப்போலாம்னு இருக்கு.”

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “விரும்பாம வாறது பாவமில்ல. தெருவுல போற நாய் குரைச்சா வீட்டுக்காரி குத்தமா? மன்னிச்சத மறுபடி மறுபடி தோண்டி எடுத்துட்டு வாறது பக்தி இல்ல. உனக்கு இப்ப வந்திருக்க சோதனை அந்த வார்த்தை இல்ல, அவநம்பிக்கை. கேளு. ஈஸ்டர் வரைக்கும் நீ பாவசங்கீர்த்தனத்துக்கு வரக்கூடாது. எங்கிட்டயும் இல்ல, வேற யாருகிட்டயும் இல்ல. ஞாயித்துக்கிழமை வரிசையில போய் நன்மை வாங்கு. சந்தேகத்தோடயே வாங்கு. அது எம்பொறுப்பு.”

வெளியே வந்து கொடிமரத்தடியில் வெகுநேரம் நின்றேன். குணமாகிற நோயாளியிடம் டாக்டர் இனி வராதே என்று சொல்வார். பிழைக்காத நோயாளியிடமும் அப்படித்தான் சொல்வார், வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று. நான் எந்த வகை என்று எனக்குத் தெரியாதா? சாமியே கையை விரித்துவிட்டார்.

மார்ச் 14, சனி

காற்று வாங்கலாமென்று மீன்பிடித் துறைமுகப் பக்கம் நடந்தேன். கடலுக்குள் நீளும் பாலத்தின் கடைசிவரை போனேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். தீர்ப்பு எழுதியாகிவிட்டதென்றால் இன்று என்ன, இன்னும் முப்பது வருஷம் கழித்து என்ன என்று ஒரு யோசனை வந்தது. யோசனைதானே.

என் வீட்டுக்காரர் பெர்க்மான்ஸ் படகுகளுக்கு ஐஸ் லாரி ஓட்டுகிறார். ஐஸ் இறக்கிக்கொண்டிருந்தவர் எப்படிப் பார்த்தாரோ, ஓடி வந்தார். ஓடுகிற ஆளே இல்லை அவர். கையைப் பிடித்துக் கூட்டிப்போய் லாரியில் உட்கார வைத்தார். அவர் கை குளிர்ந்து கிடந்தது, ஐஸைத் தொட்ட கை.

மார்ச் 15, ஞாயிறு

நன்மை வாங்கவில்லை. பிரகாசி மைனி பெட்டியோடு வந்து இறங்கியிருக்கிறாள். கொஞ்ச நாள் தங்கப்போகிறாளாம். ஏன் என்று இவரைக் கேட்டால், “அக்காவுக்கு அங்க பொழுது போகலையாம்” என்கிறார். எனக்கு இருக்கிற கஷ்டம் போதாதென்று இதுவும்.

மார்ச் 18, புதன்

மைனி என்னை விட்டு அகலுவதில்லை. கொல்லைக்குப் போனால் கொல்லைக்கு வருகிறாள். மடத்துக்குக் கொண்டுவந்து விடுகிறாள், திரும்பக் கூட்டிப்போக வாசலில் நிற்கிறாள். குளியலறைத் தாழ்ப்பாளை இவர் கழற்றிவிட்டார். துருப்பிடித்துவிட்டதாம். நன்றாகத்தான் இருந்தது.

இன்று கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது மைனியே பேச்செடுத்தாள். “ஏட்டி அமலி, அன்னைக்கு என்னப் பேயின்னு சொன்னியாமே.”

மன்னிப்புக் கேட்டேன். கேட்கும்போதே அழுதுவிட்டேன்.

“அழாதட்டி. எனக்கே அது என்னதுன்னு தெரியாது. அன்னைக்குக் காலையில வெறும் வயித்தோட போயிருந்தேன். அவரு தலையில கைய வச்சாரு, கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. உழுந்த பெறகு எந்திரிக்க வெக்கமா இருந்துச்சு. அப்படியே ரெண்டு உருளு உருண்டேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். இவளுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் மயங்கி விழுந்திருக்கலாம். நான் பழித்தது அவரைத்தானே? மைனி மன்னித்துவிட்டாள். மைனி கையிலா சாவி இருக்கிறது?

ஆனாலும் மத்தியானம் சாளை வாங்கிக் குழம்பு வைத்தேன். மைனி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் புளி கூட என்றாள்.

மார்ச் 24, செவ்வாய்

அகப்பட்டுக்கொண்டேன். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் வருகிறது. எல்லாக் கோயிலுக்கும் வழக்கத்தைவிடக் கூட அப்பம் வேண்டும். சிஸ்டர் லெயோனி டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.

“அமலா, ஓரச் சாக்கு நிறையுது, டப்பா நிறையமாட்டேங்குது. ஆட்டுக்காரர், இந்த வருஷம் ஆடெல்லாம் முழு அப்பமா திங்குதுன்னு சொல்லிட்டுப் போறார். என்ன நடக்குது?”

என் கையைப் பிடித்துத் திருப்பினார். தோல் உரிந்து சிவந்து கிடந்தது. நாளெல்லாம் கழுவினால் அப்படித்தான் இருக்கும்.

“நான் சுடுறது ஆகாது சிஸ்டர். வேற ஆள வைங்க. என் கை பட்டா அதுல…” கையை இழுத்துக்கொண்டேன்.

சிஸ்டர் கோபக்காரி. “உன் கை சுத்தமா இருந்தாத்தான் அவர் வருவாருன்னா, இந்த உலகத்துல ஒரு சாமியார் கையிலயும் அவர் வந்திருக்க மாட்டார். நீ மாவு கலக்கு. இரும்பை மூடு, திற. மத்தது அவர் வேலை. அவர் வேலையையும் நீயே இழுத்துப் போட்டுக்காதே.”

தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார். பிறகு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் சுட்ட ஒவ்வொரு தகட்டையும் அவரே வாங்கி, உடையாமல் வெட்ட வருவதற்காக ஈரத்துணிக்குள் வைத்தார். அந்த வார்த்தை பலமுறை வந்தது. ஒரு தகட்டைக்கூடச் சாக்கில் போட முடியவில்லை.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

இயேசுவின் பாடுகளின் வாசகம். யூதாஸ் இடம் வந்ததும் எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. பரிதாபமாக இருந்தது. பேதுருவும்தான் மறுதலித்தார். கோழி கூவியதும் அழுதார், அழுதபடி அந்த மூன்று நாளைத் தள்ளிவிட்டார். இவன் கயிற்றைத் தேடி அவசரப்பட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்திருந்தால் அவர் முகத்தையே பார்த்திருப்பானே, முட்டாள்.

எழுதியதை நானே ஒரு தடவை வாசித்தேன். டைரியை மூடிவிட்டேன்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

சிலுவையை முத்தமிட வரிசையில் போனேன். பாதி வழியில் திரும்பிவிட்டேன். ஆக்சிலியாவும் என் பின்னாலேயே திரும்பிவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

நன்மை வாங்கவில்லை. வருஷத்தில் ஒரு தடவையாவது ஈஸ்டரை ஒட்டிய பாஸ்கா காலத்தில் வாங்க வேண்டும் என்பது திருச்சபைக் கட்டளை. அதையும் மீறிவிடுவேன் போலிருக்கிறது. மைனி ஆட்டுக்கறி சமைத்தாள். புதுநன்மை கவுன் தைத்து வந்துவிட்டது. வெள்ளை. போட்டுப் பார் என்றால் ஆக்சிலியா மாட்டேன் என்கிறாள். அழுக்காகிவிடுமாம்.

ஏப்ரல் 8, புதன்

இவர் வாசலில் உட்கார்ந்து லாரி விளக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ஞாயித்துக்கிழமை நீ வாங்கலன்னா நானும் வாங்கல. நாம மூணு பேரும் சேந்தே நிப்போம். ஊரு பேசுனா பேசட்டும். நீ வீட்டுல இருந்தாப் போதும் எனக்கு.”

அந்தக் கடைசி வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். உள்ளே போய் அழுதேன். தாழ்ப்பாள் இல்லாத கதவு. மைனி வந்து தலையைத் தடவினாள்.

ஏப்ரல் 11, சனி

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

காலையில் புதுநன்மைப் பிள்ளைகளுக்கு முதல் பாவசங்கீர்த்தனம். பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். அம்மாமார் பின்பெஞ்சில் இருந்தோம். ஆக்சிலியாவுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் இருக்கும்போது ஒரு கணம் தலையைக் குனிந்தேன். நிமிர்ந்தால் அவளைக் காணவில்லை. கிணற்றடி, மணிக்கூண்டு, வீடு, எங்கேயும் இல்லை. இவர் துறைமுகத்துக்கு ஓடினார். அவர் ஏன் அங்கே ஓடினார் என்று எனக்குப் புரிந்தது. நான் நின்ற இடத்தில் என் பிள்ளை நிற்பதாக ஒரு காட்சி கண்முன் வந்தது. வேண்டாம், அதை எழுதமாட்டேன்.

மடத்தில் அப்பம் சுடுகிற அறையில் இருந்தாள். ஓரச் சாக்குக்கும் சுவருக்கும் நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு.

“இங்க என்னட்டி செய்யித? சாமி காத்துக்கிட்டு இருக்காவ.”

“நான் போக மாட்டேன். எனக்கு மன்னிப்புக் கெடையாது.”

“யாரு சொன்னா?”

“நீதான சொன்ன. பஸ்ல போனோம்லா, அந்தக் கோயில்ல நீ அழுதுக்கிட்டே சொன்னது கேட்டுச்சு. அந்தப் பாவத்துக்கு மன்னிப்பே இல்லன்னு. நானும் செஞ்சிட்டேம்மா. நீ சொன்னதையே நானும் சொன்னேன். ஆவியானவரப் பேயின்னு சொன்னேன்.”

“ஐயோ, வாய் தவறி வந்துட்டாட்டி?”

“இல்ல. வேணும்னுதான் சொன்னேன்.”

“ஏம்ட்டி?”

என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நீ அங்க தனியா இருப்பல்லா. நரகம் இருட்டா இருக்கும்னு டீச்சர் சொன்னாவ. ஒனக்கு இருட்டுன்னா பயம்லா.”

அவளைத் தூக்கினேன். ஒன்பது வயதுப் பிள்ளை, நல்ல கனம். மடத்திலிருந்து கோயில்வரை தூக்கிக்கொண்டே ஓடினேன். செருப்பு எங்கே விழுந்தது என்று தெரியாது. கோயிலில் மீதிப் பிள்ளைகள் முடித்துவிட்டுச் செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கஸ்பார் சாமி எழுந்துகொண்டிருந்தார். எல்லாரும் பார்க்க, அவர் முன்னால் பிள்ளையை நிறுத்திக் கத்தினேன்.

“சாமி, இவ எனக்காகச் சொல்லியிருக்கா. எங்கூட இருக்கணும்னு சொல்லியிருக்கா. இந்தப் பிள்ளைக்கு மன்னிப்பு இல்லன்னு அவரு சொல்லுவாரா? எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க! அப்படிச் சொல்லுத சாமி எனக்கு வேண்டாம்!”

சாமி கோபப்படவில்லை. பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இல்லன்னு யாரு சொன்னா அமலோற்பவம்?”

நான் பிள்ளையின் தோளை இறுக்கிப் பிடித்தேன்.

“நான் சொல்லல. அவரும் சொல்லல. நீ ஒருத்திதான் சொல்லிக்கிட்டு இருந்த.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “உம்பிள்ளைக்காக எங்கிட்டயே சண்டைக்கு நிக்க. உன்னப் பெத்தவரு அவரு. உனக்காக எவ்வளவு நிப்பாருன்னு நெனைக்க?”

பிள்ளையைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனார். அவள் முழங்காலில் நின்றாள். என்ன சொன்னாள், அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். திரும்பி வந்தபோது அவள் முகம் குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. “அவ்வளவுதானாம்மா” என்றாள். “மன்னிச்சாச்சாம். திருப்பிக் கேக்கக் கூடாதாம்.”

சாமி அங்கேயே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, “ஈஸ்டர் முடிஞ்சிட்டுல்லா. இப்ப நீ வா” என்றார்.

போனேன். இந்த முறை சுருக்கமாகச் சொன்னேன். மன்னிப்பு ஆசீர்வாதத்தை அவர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். வாசலில் சந்தேகம் நின்றுகொண்டிருந்தது. பார்த்தேன். திருப்பிப் போய்க் கேட்கவில்லை. என் பிள்ளையே கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டாளே.

சாமி இவரிடம் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் பெயர் சொல்லியிருக்கிறார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஆறாதது சிலது மருந்தில் ஆறும், இரண்டும் ஆண்டவர் கொடுத்ததுதான் என்றாராம். திங்கட்கிழமை போகிறோம். மைனியும் வருகிறாள்.

ஏப்ரல் 12, ஞாயிறு. ஆக்சிலியாவின் புதுநன்மை

வெள்ளைக் கவுனில் காலையிலேயே காபியைச் சிந்திவிட்டாள். மைனி சுண்ணாம்புப் பொடி போட்டு மறைத்தாள்.

பீடத்துக்கு முன் நின்றோம். ஒரு பக்கம் இவர், ஒரு பக்கம் நான், நடுவில் அவள். ரெக்ஸலின் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும். சாமி அப்பத்தை உயர்த்தினார். அந்த வார்த்தை வந்தது. விடுமுறை எடுக்காமல் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது. நான் பல்லைக் கடிக்கவில்லை. குரைத்துக்கொண்டு கிட என்று விட்டுவிட்டேன். பயம் போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன்.

ஆக்சிலியா வாங்கினாள். இவர் வாங்கினார். சாமி என் முன்னால் வந்து நின்றார். “கிறிஸ்துவின் உடல்” என்றார். சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க நான் சுட்ட அப்பம்.

“ஆமென்” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. நாக்கை நீட்டினேன்.

இடத்துக்கு வந்து முழங்காலில் நின்றோம். ஆக்சிலியா முகத்தைச் சுளித்துக்கொண்டு என் காதருகே வந்தாள். கண்ணில் பழைய பயம் எட்டிப் பார்த்தது.

“எம்மா, அப்பம் மேல்வாயில ஒட்டிக்கிச்சு. என்ன செஞ்சாலும் போக மாட்டேங்கு.”

“நாக்கால தோண்டாத,” என்றேன். “சும்மா விடு. அதுவா கரஞ்சிரும்.”